தாண்டிக்குளம், 1997: ரயில் வராத பாதையோரம் ஒரு சண்டை

இலங்கைப் போர் என்று பேச்செடுத்தால் நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் பெரிய பெயர்கள்தான் வந்து விழும். ஆனையிறவு, முல்லைத்தீவு, கிளிநொச்சி, கடைசியில் முள்ளிவாய்க்கால். தாண்டிக்குளம் என்று சொன்னால், "அது எந்தப் பக்கம் சார்?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. வவுனியாவை விட்டு வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிக் கிளம்பும் ரயிலுக்கு அடுத்த நிலையம் அது. அவ்வளவு சின்ன ஊர். 1997 ஜூன் 10 அன்று அங்கே நடந்த சண்டையும், இருபத்தாறு ஆண்டுகள் நீடித்த ஒரு போரின் கணக்கில், சின்னதுதான். போரின் முடிவை அது மாற்றவில்லை. அங்கே யாரும் நிரந்தரமாக ஒரு சாண் நிலம் பிடிக்கவுமில்லை.

ஆனாலும் அந்தப் போர் ஏன் அத்தனை நீண்டது, ஏன் ஒரே மண்ணை மாற்றி மாற்றிப் பிடித்தும் விட்டும் பல்லாயிரம் பேர் செத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, ஆனையிறவை விட இந்தத் தாண்டிக்குளமே நல்ல பாடம் என்பது என் கருத்து. பெரிய சண்டையில் வீரமும் வெற்றியும் கண்ணை மறைத்துவிடும். சின்ன சண்டையில் அரிசி மூட்டையும் லாரியும் தெரியும். போரை நடத்துவது பெரும்பாலும் அவைதான்.

முதலில் அந்த ரயில் பாதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பொல்காவலையிலிருந்து குருநாகலுக்கு 1894-இல் போடப்பட்ட கிளைப் பாதைதான் பிறகு வடக்கே நீண்டு வடபகுதிப் பாதை ஆயிற்று. மறுமுனையில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் நடுவே 1902-இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இடையில் இருந்தது வன்னிக் காடு. மலேரியாவுக்குப் பேர்போன அந்தக் காட்டைக் கடந்து இரண்டு முனைகளும் இணைந்தது 1905-இல். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். நம் பெங்களூர் – சென்னை தூரத்தை விடக் கொஞ்சம் அதிகம். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய 'யாழ்தேவி' காலையில் கொழும்புக் கோட்டையில் கிளம்பி மதிய வாக்கில் யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நமக்கு 1964-இல் வந்த பிருந்தாவன் எப்படியோ, அவர்களுக்கு யாழ்தேவி அப்படி. வேலை ஒரு ஊரில், வீடு ஒரு ஊரில் என்று வாழ்கிறவனுக்கு ஒரு ரயில் என்றால் என்ன என்பதை இந்த மலரைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொழும்பில் அரசாங்க உத்தியோகம், யாழ்ப்பாணத்தில் அப்பா அம்மா, லீவு விட்டால் யாழ்தேவி. மூன்று தலைமுறைக்கு அதுதான் வழக்கம்.

ஆட்களை மட்டும் அது ஏற்றிச் செல்லவில்லை. காங்கேசன்துறை ஆலையின் சிமெண்டு, ஆனையிறவு உப்பளத்தின் உப்பு, அந்த உப்பிலிருந்து பரந்தன் தொழிற்சாலையில் காய்ச்சிய காஸ்டிக் சோடா, யாழ்ப்பாணத்து வெங்காயம், புகையிலை, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எல்லாம் தெற்கே போயின. வடக்கின் பொருளாதாரமே அந்த இரண்டு இரும்புக் கம்பிகளின் மேல் ஓடியது என்றால் மிகையில்லை.

வவுனியாவுக்கு வடக்கே உள்ள நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு. குளத்தின் பெயரில் எத்தனை ஊர்! மழை குறைந்த அந்த வறண்ட பூமியில் ஏரி வெட்டினால்தான் ஊர். நம் பெங்களூரில் அல்சூர், சாங்கி, பெல்லந்தூர் என்று ஏரிகளைச் சுற்றி ஊர் வளர்ந்த கதைதான் அங்கேயும். குளம் என்றால் குளக்கட்டு, வயல், வாய்க்கால். வடகிழக்குப் பருவ மழை வந்துவிட்டால் நிலமெல்லாம் தண்ணீர். அதனால் தண்டவாளத்தைத் தரையில் அப்படியே போட முடியாது. மண்ணைக் கொட்டி உயர்த்தி, அந்த மேட்டின் மேல்தான் போட வேண்டும். இந்த மண்மேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

வடக்கு நோக்கிப் போகும் கண்டி – யாழ்ப்பாண வீதி, அதாவது ஏ-9 சாலை, வவுனியாவிலிருந்து ஏறத்தாழ இந்த ரயில் பாதையோடு சேர்ந்தே போகிறது. காட்டை வெட்டி உண்டாக்கிய ஒரே இடைவெளிக்குள் சாலையும் ரயிலும்.

ரயில் நின்ற கதை

போர் தொடங்கிய பிறகும் சில காலம் ரயில் ஓடியது. ஆனால் நிம்மதியாக அல்ல. 1985 ஜனவரி 19 அன்று இராணுவத்தினரை ஏற்றி வந்த யாழ்தேவியை முறிகண்டி அருகே கண்ணிவெடி வைத்துத் தகர்த்தார்கள். இராணுவத்தினரோடு பொதுமக்களும் இறந்தார்கள். ஒரே ரயிலில் இராணுவத்தையும் பொதுமக்களையும் சேர்த்து ஏற்றினால் இப்படித்தான் ஆகும் என்பது அனுப்பியவர்களுக்கும் தெரியும், வெடி வைத்தவர்களுக்கும் தெரியும். 1987-இல் இந்திய அமைதிப்படை வந்தது, 1990 மார்ச்சில் திரும்பியது. அந்த ஜூன் மாதத்திலேயே அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கான ரயில் அதோடு நின்றுவிட்டது. திரும்ப யாழ்ப்பாணம் வர அதற்கு 24 ஆண்டுகள் பிடித்தது.

ஓடாத ரயிலின் பாதை என்ன ஆகும்? முதலில் செடி முளைக்கும். பிறகு மரம். ஆனால் வன்னியில் அதற்குள் மனிதர்கள் முந்திக்கொண்டார்கள். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டுவதற்கு அருமையான சாமான். குழி தோண்டி, மேலே தண்டவாளத்தை வரிசையாக அடுக்கி, கட்டையைப் பரப்பி, மண் மூட்டை போட்டால் மோர்ட்டார் குண்டு விழுந்தாலும் உள்ளே இருப்பவன் பிழைப்பான். அல்சூர் பக்கத்து சாப்பர் குடும்பங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டாம். இரண்டு தரப்பும் பிடுங்கினார்கள். யாழ்ப்பாணம் வரை பல பத்துக் கிலோமீட்டர் தண்டவாளம் இப்படியே பூமிக்குள் போயிற்று. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சேர்த்து வைத்த இரும்பு, இரண்டு தரப்புப் பையன்களின் தலைக்கு மேல் கூரையாயிற்று.

வெற்றி நிச்சயம்

1995 கடைசியில் இராணுவம் யாழ்ப்பாண நகரத்தைப் பிடித்தது. அதற்கு முன்பே, அக்டோபர் 30 முதல், வலிகாமத்து மக்கள் லட்சக் கணக்கில் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். தென்மராட்சிக்கும், அங்கிருந்து கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்கும் போனார்கள். யாழ்ப்பாணம் கைக்கு வந்தது என்று கொழும்பில் பட்டாசு வெடித்தாலும், இராணுவத்துக்கு அங்கே ஒரு தலைவலி தொடங்கிற்று. குடாநாட்டில் பல்லாயிரம் சிப்பாய்கள், திரும்பி வந்த பொதுமக்கள் வேறு. இத்தனை பேருக்கும் அரிசியிலிருந்து தோட்டா வரை எல்லாம் கப்பலிலும் விமானத்திலும் போயாக வேண்டும். நடுவில் வன்னி முழுவதும் புலிகள் கையில். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாமும் போய்விட்டது. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்து ஆனையிறவுக்குத் தெற்கே கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆக, மிச்சமிருந்தது வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடைப்பட்ட சுமார் 75 கிலோமீட்டர் சாலை.

அதைத் திறக்க 1997 மே 13 அன்று தொடங்கியதுதான் 'ஜெயசிக்குறு'. சிங்களத்தில் 'வெற்றி நிச்சயம்' என்று பொருள். 20,000-க்கும் அதிகமான படையினர், டாங்கிகள், பீரங்கிகள், விமானங்கள். இலங்கை இராணுவம் அதுவரை நடத்தியவற்றிலேயே மிகப் பெரிய நடவடிக்கைகளில் ஒன்று. வவுனியாவிலிருந்து ஒரு படை ஏ-9 வழியே நேராக வடக்கே. மணலாற்றுப் பக்கமிருந்து இன்னொரு படை நெடுங்கேணி வழியாக. இரண்டும் புளியங்குளத்தில் சேர வேண்டும் என்பது திட்டம். ஆரம்பத்தில் வேகமாகத்தான் போனார்கள். சில நாளிலேயே ஓமந்தையும் நெடுங்கேணியும் கைக்கு வந்துவிட்டன. கொழும்பில் பாதுகாப்புத் துணை அமைச்சர் அனுருத்த ரத்வத்தை, 1998 பிப்ரவரி 4-இல் வரும் பொன்விழாச் சுதந்திர தினத்துக்குள் சாலை திறந்துவிடும் என்று சொல்கிற அளவுக்கு நம்பிக்கை.

இங்கே ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாலையின் மேல் 10 கிலோமீட்டர் முன்னேறினால், இடப் பக்கம் 10, வலப் பக்கம் 10, ஆக 20 கிலோமீட்டருக்குக் காவல் போட வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு பங்கர், பங்கருக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் 200 பங்கர், 1,000 பேர். 40 கிலோமீட்டர் போனால் 4,000 பேர். 75 கிலோமீட்டரும் போய்விட்டால் 7,500 பேர் வெறும் காவலுக்கே. தூக்கம், லீவு, காய்ச்சல், காயம் எதையும் சேர்க்கவில்லை. இது என் உதாரணக் கணக்குதான். ஆனால் தத்துவம் மாறாது. எதிரியைப் பார்த்து நிற்கும் முன்முகம் அதே அகலம்தான். நீள்வது விலாப்புறம். ஜெயித்துக்கொண்டே போகப் போக, சண்டை போட மிஞ்சும் ஆள் குறைந்துகொண்டே வருவான்.

சாப்பாடு, தண்ணீர், குண்டு எல்லாம் அந்த ஒரே சாலையில்தான் வரவேண்டும். அதனால் வழியில் ஓரிடத்தில் குவித்து வைத்துப் பிரித்து அனுப்ப வேண்டும். அந்தக் குவிக்கும் இடத்துக்கு என்னென்ன தேவை? நகரத்துக்குப் பக்கமாக இருக்க வேண்டும், சாலையோரம் வேண்டும், வெட்டவெளி வேண்டும், ஹெலிகாப்டர் இறங்க வேண்டும். வவுனியாவை ஒட்டியிருந்த தாண்டிக்குளத்துக்கு இவை அத்தனையும் இருந்தன. மே 13 அன்று படை புறப்பட்ட வாசற்படி அதுதான். ஒரே மாதத்தில் அது பின்கட்டாகிவிட்டது. போர்முனை பல கிலோமீட்டர் வடக்கே போய்விட்டது. முனையில் நிற்பவன் எப்போதும் விழித்திருப்பான். பின்கட்டில் இருப்பவன் கொஞ்சம் செருப்பைக் கழற்றி வைத்திருப்பான்.

ஜூன் 10

1997 ஜூன் 10 அதிகாலை இருட்டில் புலிகளின் அணிகள் இராணுவத்தின் பக்கவாட்டுக் காவல் வரிசைக்குள் ஊடுருவி, போர்முனைக்கு வெகு பின்னால், தாண்டிக்குளம் – நொச்சிமோட்டைப் பகுதியில் தாக்கின. ஓமந்தைக்குப் போகும் வழியில், தாண்டிக்குளத்துக்கு வடக்கே உள்ள ஊர் நொச்சிமோட்டை. கரும்புலிகளும் இதில் இருந்தார்கள். குறி, படை அல்ல, பண்டகசாலை. வெடிமருந்துக் கிடங்குகள், பீரங்கி நிலைகள், பின்தளத்து வாகனங்கள். கிடங்குகள் எரிந்தன. ஆயுதங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். இராணுவம் திருப்பித் தாக்கியது. கடும் சண்டைக்குப் பிறகு புலிகள் காட்டுக்குள் விலகிக்கொண்டார்கள். இடம் மறுபடி இராணுவத்திடமே இருந்தது. அன்று செத்தவர்கள் எத்தனை பேர் என்று இரு தரப்பும் சொன்ன எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. இரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் என்பது மட்டும் உறுதி. செய்தியாளர்களை அந்தப் பக்கமே விடாத காலம் அது. ஒவ்வொரு தரப்பும் எதிரியின் பிணத்தைப் பெருக்கியும் தன் பிணத்தைச் சுருக்கியும் சொல்வது வழக்கமாகியிருந்தது.

யார் இந்தச் செத்தவர்கள்? இராணுவத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அனுராதபுரம், குருநாகல், மாத்தறைப் பக்கத்துக் கிராமத்துப் பையன்கள். வேறு வேலை கிடைக்காமல் சேர்ந்தவர்கள் நிறைய. ஓடிப்போகிறவர்களும் நிறைய; அரசாங்கம் அடிக்கடி பொதுமன்னிப்பு அறிவித்துத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. புலிகள் பக்கம், ஜெயசிக்குறுவை எதிர்த்து நின்றவர்களில் மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வந்த ஜெயந்தன் படையணியினர் கணிசமானவர்கள். கிழக்கின் பிள்ளைகள். யாழ்தேவியில் ஒருநாளும் ஏறியிராத, யாழ்ப்பாணத்தையே பார்த்திராத பல பேர் யாழ்ப்பாணச் சாலைக்காக மடிந்தார்கள். 2004-இல் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து போனபோது அவர் அடுக்கிய குறைகளில் இதுவும் ஒன்று என்பது இங்கே நினைக்கத்தக்கது.

இனி அந்த மண்மேட்டுக்கு வருவோம். காட்டில் சண்டை போடுகிறவனுக்கு மூன்று விஷயம் வேண்டும்: மறைவு, திசை, பார்வை. ஏழு வருஷமாக ரயில் ஓடாத பாதை மூன்றையும் தரும். மேட்டுக்கு இந்தப் பக்கம் குனிந்து நடந்தால் அந்தப் பக்கத்திலிருந்து நேர்க் குண்டு படாது. இருட்டிலும் பாதை தப்பாது; அது நூல் பிடித்தாற்போல் வடக்கேயும் தெற்கேயும் போகிறது. மேட்டின் மேல் ஒரு இயந்திரத் துப்பாக்கியை வைத்துவிட்டால் நேர்கோட்டில் வெகுதூரம் வரை யாரும் குறுக்கே கடக்க முடியாது. ஆகவே வன்னிச் சண்டைகள் முழுவதிலும் இந்தப் பாதை ஒரு நாள் அரண், ஒரு நாள் வழி, ஒரு நாள் எல்லைக்கோடு. யார் முதலில் அதைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு அது அரண். இதில் எனக்குத் தோன்றும் வேதனை என்னவென்றால், 1905-இல் அதை நேர்கோடாகப் போட்டது பயணம் சீக்கிரம் முடியட்டும் என்பதற்காக. அதே நேர்கோடு குண்டுக்கும் வசதியாகப் போயிற்று.

அமெரிக்க உள்நாட்டுப் போர் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் வெல்டன் ரயில் பாதை நினைவுக்கு வரலாம். 1864 ஆகஸ்டில் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்குத் தெற்கே குளோப் டாவர்ன் என்ற சத்திரத்தின் பக்கம் வடக்குப் படை அந்தப் பாதையைக் குறுக்கே பிடித்தது. அதன்பின் தெற்குத் தளபதி லீயின் படைக்கு வரும் சாமானை வழியிலேயே ரயிலை விட்டு இறக்கி வண்டியில் ஏற்றிச் சுற்றிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அடுத்த ஏப்ரலில் லீ சரணடைந்தார். ஜெனரல் ஷெர்மனின் ஆட்கள் தண்டவாளத்தைப் பிடுங்கி, தீயில் காய்ச்சி, மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டுப் போவார்கள். எதிரி திரும்பப் போட முடியாதபடி. அங்கே ரயில் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அதற்காகச் சண்டை. வன்னியில் ரயில் என்றோ செத்துவிட்டது. ஆனாலும் அது கிடந்த இடம் சண்டையை இழுத்துக்கொண்டே இருந்தது. காரணம், ரயில் போட்டவர்கள் தேர்ந்த அதே வழியைத்தான் சாலையும் தேர்ந்திருந்தது. சாலை தேர்ந்த வழியில்தான் இராணுவமும் போயாக வேண்டியிருந்தது.

அதன் பிறகு

தாண்டிக்குளத்தின் பலன் என்ன? அன்று எரிந்த வெடிமருந்தைத் திரும்பக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். அது பெரிதல்ல. ஆனால் அதற்குப் பிறகு பின்கட்டுக்கும் ஆள் போட வேண்டியதாயிற்று. ஜூன் மாதக் கடைசியில் பெரியமடுவில் அடி, ஆகஸ்டு தொடக்கத்தில் ஓமந்தையில் அடி. மே மாதத்தில் நாளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் போன படை, அப்புறம் மாதக் கணக்கில் புளியங்குளத்தில் முட்டிக்கொண்டு நின்றது. 1998 பிப்ரவரி 4 வந்தது, போனது. சாலை திறக்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கையும் வந்தது. 1998 செப்டம்பர் கடைசியில் ஒருபக்கம் இராணுவம் மாங்குளத்தைப் பிடிக்க, அதே நாட்களில் மறுபக்கம் புலிகள் கிளிநொச்சியை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு முனையும் கிட்ட வந்தும் சேரவில்லை. டிசம்பரில் ஜெயசிக்குறுவை அரசாங்கம் கைவிட்டது. ஏறக்குறைய பதினெட்டரை மாதம்.

பதினெட்டு மாதத்தில் பிடித்ததை விட எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? 1999 நவம்பரில் புலிகளின் 'ஓயாத அலைகள் 3' தொடங்கி ஒரு வாரம், பத்து நாளுக்குள் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம், புளியங்குளம் எல்லாம் கை மாறி, இராணுவம் ஓமந்தைப் பக்கம் வந்து நின்றது. ஏறத்தாழ புறப்பட்ட இடம். 2000 ஏப்ரல் 22 அன்று ஆனையிறவும் விழுந்தது. இதைப் புலிகளின் வெற்றி என்று கொண்டாடிய நம்மவர்கள் உண்டு. ஆனால் நீண்ட வரிசையைப் பிடித்து நிற்கும் சுமை யார் தலையில் விழுந்தாலும் ஒன்றுதான். 2008-இல் அதே சுமை புலிகள் தலையில் விழுந்தது. மன்னாரிலிருந்து மணலாறு வரை ஒரே நேரத்தில் பல முனைகளில் இராணுவம் அழுத்தியபோது, அத்தனை நீள வரிசைக்கு அவர்களிடம் ஆள் இல்லை. ஆள் வேண்டி வீடு வீடாகப் பிள்ளைகளைப் பிடித்துச் சென்றார்கள். 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி போயிற்று.

இத்தனைக்கும் நடுவில் பொதுமக்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வெறும் சதுரங்கக் கதையாகிவிடும். 1995-இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கிளிநொச்சியில் குடிசை போட்டவர்கள், 1996-இல் கிளிநொச்சி விழுந்ததும் மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்தார்கள். ஜெயசிக்குறு மேலே வர வர, சாலையோரக் கிராமங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வன்னிக்குள் டீசல், சிமெண்டு, பேட்டரி, உரம் என்று பல பொருள்களுக்குத் தடை, மருந்துக்கே தட்டுப்பாடு. ஊர்கள் வெறுமையாயின, குளக்கட்டுகள் பராமரிப்பின்றி உடைந்தன, வயல்கள் தரிசாயின. பிறகு அந்த வயல்களில் கண்ணிவெடி. 'புகையிரத நிலையம்' என்று அவர்கள் அழகாகச் சொல்லும் கட்டடங்களில் சுவர் மட்டும் நின்றது.

2002 சமாதானக் காலத்தில் ஏ-9 திறந்தபோது, தாண்டிக்குளத்துக்கு வடக்கே ஓமந்தை ஒரு எல்லைச் சாவடியாயிற்று. இந்தப் பக்கம் இராணுவம், நடுவே யாருக்கும் சொந்தமில்லாத கொஞ்ச தூரம், அந்தப் பக்கம் புலிகளின் சாவடி. பஸ்ஸிலிருந்து இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டி, நடந்து போய், மறுபடி பெட்டியைத் திறந்து காட்டி வேறு வண்டி ஏற வேண்டும். 2006 ஆகஸ்டில் மறுபடி மூடினார்கள்.

ரயில் திரும்பிய கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. இந்திய அரசின் கடனுதவியில் நமது இர்கான் நிறுவனம்தான் ஓமந்தையிலிருந்து பளை வரையும், அங்கிருந்து யாழ்ப்பாணம், காங்கேசன்துறை வரையும் தண்டவாளம் போட்டது. அதற்கு முன்னால் கண்ணிவெடி அகற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையிலும் இந்தியக் குழுக்கள் இருந்தன. பங்கருக்குப் போன தண்டவாளத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போட வழியில்லை. எல்லாம் புதுசு. 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று ரயில் படிப்படியாக ஏறியது. பிற்பாடு தெற்கே மாஹோவிலிருந்து ஓமந்தை வரை உள்ள பழைய பாதையைப் புதுப்பிக்கும் வேலையும் இர்கானுக்கே வந்தது. அதற்காக 2023 ஜனவரியில் அனுராதபுரத்துக்கு வடக்கே ரயிலை நிறுத்தி, பழைய கம்பிகளை எடுத்துவிட்டுப் புதுசு போட்டு, ஜூலையில் திறந்தார்கள். தாண்டிக்குளம் இந்தப் பகுதிக்குள்தான் வருகிறது.

போருக்குப் பிறகு முதன்முதலில் ரயில் வந்து சேர்ந்த வடக்கத்து நிலையமும் தாண்டிக்குளம்தான். சண்டை முடிந்தது 2009 மே 18-19. மூன்றே வாரத்தில், ஜூன் 6 அன்று, வவுனியாவைத் தாண்டித் தாண்டிக்குளம் வரை ரயிலை ஓட்டினார்கள். கொடி, மாலை, அமைச்சர்கள் எல்லாம் உண்டு. வவுனியாவிலிருந்து சில நிமிஷப் பயணம். அடுத்த நிலையமான ஓமந்தைக்குப் போக 2011 மே வரை ஆயிற்று. அந்த முதல் ரயில் வந்த அன்று, வன்னியிலிருந்து தப்பி வந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதே வவுனியா மாவட்டத்தில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில், முள்வேலிக்குள் இருந்தார்கள். ரயில் நிலையம் வரை நடந்து வர அவர்களுக்கு அனுமதி இல்லை. கடைசிக் குடும்பம் அந்த முகாமை விட்டு வெளியேறியது 2012 செப்டம்பரில்.